கிட்ட வந்த முகம்

கேட்க வந்ததைக் குணாளன் படியேறும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

காட்பாடியில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. மேசை நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம். அதில் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் சின்ன ஆக்‌ஷன் கேமராக்கள். பைக்கில் போகிற பையன்கள் ஹெல்மெட்டில் மாட்டிக்கொள்வார்களே, அந்த வகை. திசைக்கு இரண்டாக, இரண்டு கண்கள்போல் ஒட்டி ஒட்டி நின்றன.

மெஹருன்னிசா அவனைவிட ரொம்ப இளையவர். கோட்டையோ, அருங்காட்சியகமோ, விற்பனைக்கு வந்த வீடோ, எதையும் சுற்றிலும் ஆழத்தோடு படமெடுத்துக் கொடுப்பார். வி.ஆர். கண்ணாடியைப் போட்டால் அந்த இடத்திலேயே போய் நிற்பதுபோல் இருக்கும். யாரோ சொல்லித்தான் குணாளன் அவரைத் தேடி வந்திருந்தான்.

"சொல்லுங்க அண்ணா."

"இதை எனக்குக் கத்துக்கொடுக்கணும் டீச்சர்."

"எதுக்கு?"

"என் சம்சாரம் ஆஸ்பத்திரில இருக்கா. எலும்பு மஜ்ஜை மாத்தியிருக்காங்க. தனி ரூம். யாரும் கிட்ட போகக் கூடாது. பொண்ணுக்கு ஆறு வயசு. அவளை அந்த மாடிக்கே விட மாட்டாங்க."

"ஃபோன்ல பாக்குறாங்களா?"

"தினமும். ஆனா அது ஜன்னல் வழியா எட்டிப் பாக்குற மாதிரி இருக்காம். 'ஒரு தடவை உள்ள வந்து உக்காரணும்ங்க'ன்னு சொன்னா."

மெஹருன்னிசா ஒரு ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினார்.

"நானே வந்து எடுத்துத் தரேனே."

"இல்ல டீச்சர். நான் எடுக்கணும். ஒரு தப்பும் இருக்கக் கூடாது."

குணாளன் குடியாத்தத்தில் சர்வேயர். எல்லைக்கல் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. மனைவி படுத்த நாளிலிருந்து அவனால் அளக்க முடியாத விஷயங்களே நடந்துகொண்டிருந்தன. ரத்தத்தில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. இதையாவது தன் கையால் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தான்.

"சரி. விரலை மூக்குக்கு நேரா நீட்டுங்க," என்றார் மெஹருன்னிசா.

நீட்டினான்.

"ஒரு கண்ணை மூடுங்க. இப்ப அதைத் திறந்துட்டு அடுத்த கண்ணை மூடுங்க. என்ன ஆகுது?"

"விரல் குதிக்குது."

"பின்னாடி ஜன்னல்ல மலை தெரியுதே, அது?"

"அப்படியே இருக்கு."

"அவ்வளவுதான் பாடம். தூரத்துல இருக்கறதை எல்லாக் கேமராவும் ஒரே மாதிரி பாக்கும். ஒண்ணோட ஒண்ணு தைச்சுடலாம். கிட்ட வர்றதை ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி பாக்கும். தைச்சா தையல்ல கிழியும்."

"எவ்வளவு கிட்ட?"

மெஹருன்னிசா மேசையைச் சுற்றி நடந்து சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டார்.

"இதுக்குள்ள யாரும் வரக் கூடாது."

குணாளனுக்கு அந்த வட்டம் பிடித்திருந்தது. எல்லை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வேலைதானே.

"நான் எங்க நிக்கிறது டீச்சர்? கேமராவுக்குப் பின்னாடியா?"

"இந்தக் கேமராவுக்கு முதுகே கிடையாது. எங்க நின்னாலும் தெரிவீங்க. எங்கயாவது ஒளிஞ்சுக்கங்க."

"அப்ப எடுக்கிறப்ப என் பொண்ணை நான் பாக்க முடியாதா?"

"நீங்க நகர்ந்தாத்தான் அண்ணா அந்த இடத்துல அவங்க வந்து உக்கார முடியும்."

அவன் தினமும் வேலை முடிந்து வந்து கற்றுக்கொண்டான். எல்லாக் கேமராவையும் ஓடவிட்டு ஒரு முறை கைதட்டுவது, அந்தச் சத்தத்தை வைத்துப் படங்களை ஒன்றுக்கொன்று இணைப்பது, தையலில் நிறம் மாறாமல் பார்த்துக்கொள்வது. கற்பூர புத்தி என்றே மெஹருன்னிசா சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வளையத்தை வீட்டுக்குக் கொண்டுபோனான்.

ஹாலில் பாய் விரித்து, மனைவி பூங்கோதை மகளுக்குத் தலை பின்ன உட்காரும் இடத்தில் ஸ்டாண்டை வைத்தான். அவள் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வளையத்தை நிறுத்தினான். அதை அவன் டேப் வைத்து அளக்கவில்லை. தெரிந்திருந்தது. சுற்றிலும் வட்டம் போட்டான்.

"மகி, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. சரியா?"

மகிழினி தலையாட்டினாள்.

"அத்தை உனக்குத் தலை பின்னுவாங்க. நீ பாட்டுக்கு எப்பவும்போல பேசிட்டிரு."

அவன் அக்கா தனபாக்கியம் சீப்போடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். குணாளன் கைதட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. பேச்சுமட்டும் கேட்டது.

"அத்தை, அம்மா இதுக்குள்ளயா இருக்காங்க?"

"இது வழியா பாப்பாங்கடி."

"இப்பவா?"

"அப்புறமா. ஆனா அவங்களுக்கு இப்ப மாதிரியே இருக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கொலுசுச் சத்தம், ஓடுகிற கொலுசு. "ஏய், ஏய், கோடு!" என்று அக்கா கத்தினாள்.

குணாளன் கதவைத் திறந்தபோது மகிழினி வளையத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி பின்னிய சடை முதுகில் அவிழ்ந்து கிடந்தது. ஸ்டாண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"என்ன சொன்னேன் உன்கிட்ட?"

"அம்மாகிட்டக்க போனேன்."

"சரி, வா. முதல்லேர்ந்து எடுக்கலாம்."

"வேணாம். நான் சொல்லிட்டேன். திரும்பச் சொல்ல மாட்டேன்."

"யார்கிட்ட என்ன சொன்ன?"

"அம்மாகிட்ட."

கெஞ்சினான், மிரட்டினான். அவள் மறுபடி பாயில் உட்காரவே இல்லை.

மெஹருன்னிசாவின் கணினியில் அன்றிலிருந்து அவன் தைக்க ஆரம்பித்தான். ஹால் வந்தது. மிக்ஸிமேல் போட்ட துணி, காலண்டர், அலமாரிக் கண்ணாடியில் விழும் வெயில், எல்லாம் தத்ரூபம். தலை பின்னுவதும் அப்படியே வந்தது. மகி எழுந்து ஓடி வருகிற இடத்தில்தான் எல்லாம் குலைந்தது. நெற்றி ஒரு பக்கம், கன்னம் ஒரு பக்கம். மூக்கு இரண்டு இருந்தது. வாய் தையலுக்குள் போய் மறைந்துவிட்டது. கட்டிப்பிடித்த கைகள் பாதியில் அறுந்து நின்றன. கண்ணாடி போட்டுப் பார்த்தால் தலை சுற்றியது.

நாள் கணக்கில் அந்த இடத்தோடு மல்லுக்கட்டினான். ஒரு கண்ணைச் சரிசெய்தால் மறு கண் நழுவியது.

"இதைத் தைக்கவே முடியாதா டீச்சர்?"

மெஹருன்னிசா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார்.

"முடியாது. வேணும்னா வெட்டிடலாம்."

வெட்டினான். மகிழினி கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே படம் முடிந்தது. ஒரு பிசிறு இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வி.ஆர். கண்ணாடியை மருந்து போட்டுத் துடைத்து உள்ளே எடுத்துப் போனாள். குணாளன் வெளியே, பார்வையாளர் நிற்பதற்கென்று தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டில் நின்றான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பூங்கோதை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முடி கொட்டிய தலையில் நீலத் தொப்பி. மெல்ல இடப்பக்கம் திரும்பினாள். வலப்பக்கம் திரும்பினாள். குனிந்து கீழே பார்த்தாள். அங்கேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் உள்ளேயிருந்த தொலைபேசியை எடுத்தாள். அவன் வெளியே இருந்ததை எடுத்தான்.

"நம்ம ஹாலேதாங்க. அலமாரிக் கதவு இன்னும் சரியா மூடல பாருங்க."

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

அவள் மூச்சு காதில் கேட்டது.

"அங்கயும் கோடு போட்டுட்டீங்களா?" என்றாள்.

குணாளன் தன் காலடியைப் பார்த்தான்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே காட்பாடிக்குப் போய்ப் படியேறினான்.

"வெட்டினது தப்பா டீச்சர்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த இடத்தை அப்படியே காட்டினா பயந்துடுவாளே. பெத்த பிள்ளை முகம் ரெண்டா கிழிஞ்சு வந்தா எந்தத் தாய்க்குத் தாங்கும்?"

மெஹருன்னிசா வெட்டாத பதிவைத் தேடி எடுத்தார். அதை ஓடவிட்டுவிட்டு, கை நீட்டித் திரையை அணைத்தார்.

இருட்டுத் திரையிலிருந்து கொலுசு ஓடி வந்தது. அக்காவின் குரல் தூரத்தில் கத்தியது. பிறகு மிக அருகில், மூச்சுக் காற்றோடு ஒரு ரகசியக் குரல்.

"அம்மா, எனக்குப் பல்லு ஆடுது. அத்தைக்குத் தெரியாது. அப்பாக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் சொல்றேன். நீ வந்து பிடுங்கு. சீக்கிரம் வா, அதுவா விழுந்துடப் போவுது."

அதற்குப் பிறகு மைக்கில் ஒரு மோதல். முத்தம்.



"இதைத் தைக்க எத்தனை நாள் உக்காந்தீங்க!" என்றார் மெஹருன்னிசா. "ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"கைதட்டுற வரைக்கும்தான் கேட்பேன்," என்றான். "படம் ஒட்டிக்கிச்சுன்னா சத்தத்தைக் குறைச்சுடுவேன்."

கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் முழுப் பதிவையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனான். தொலைபேசியில் முன்கூட்டியே சொன்னான்.

"கோதை, கடைசியில படம் சரியா வராது. மகி முகம் கிழிஞ்ச மாதிரி தெரியும். தலை சுத்தினா உடனே கழட்டிடு."

அவள் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

குணாளன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் அவை மடியில் கிடந்தன. பிறகு திடுக்கென்று உயர்ந்தன. காற்றில் ஒரு சின்ன உடம்பின் அகலத்துக்கு விரிந்து, மெதுவாக வளைந்து, ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டன. கட்டிலிலிருந்து விழுந்துவிடுவாளோ என்று நர்ஸ் ஓடி வந்தாள். வந்தவள் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

படம் முடிந்த பிறகும் கைகள் இறங்கவில்லை.

பூங்கோதை தொலைபேசியை எடுத்தாள்.

"அவ சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேக்காத மாதிரியே இருங்க. எந்தப் பல்லுன்னு கேட்டுடாதீங்க. எனக்கு மட்டும்னு சொல்லியிருக்கா."

"சரி."

"இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

"முகம் ரொம்ப மோசமா இருந்துச்சா?"

"எந்த முகம்?"

"கிட்ட வந்தப்போ. கிழிஞ்சிருக்குமே."

"நான் எங்கங்க பாத்தேன்?" என்றாள் பூங்கோதை. "கிட்ட வந்ததும் கண்ணை மூடிட்டேன்."

பல் காத்திருக்கவில்லை. ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது விழுந்துவிட்டது. மகிழினி அன்று முழுக்க அழுதாள். யாரும் பார்க்கக் கூடாது என்று உள்ளங்கைக்குள் பொத்திவைத்துக்கொண்டு தூங்கினாள். குணாளனும் பார்க்காதவனாகவே நடந்துகொண்டான். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் அணுக்கள் ஏறுவதுபோல் ஏறி மறுபடி இறங்கின. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்றே டாக்டர்கள் சொன்னார்கள்.

அடுத்த படம் எடுக்க வளையம் கேட்டு அவன் காட்பாடிக்குப் போனான். மெஹருன்னிசா கேமராக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை அவளை ஓடி வரவே விடப்போறேன் டீச்சர். கோடு போட மாட்டேன்."

"சரி அண்ணா."

"ஆனா ஒண்ணு கேக்கணும்." அவன் குரல் தாழ்ந்தது. "கிழியாம கிட்ட வர ஒரு வழியும் இல்லையா? வேற கேமரா, வேற வளையம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் கத்துக்கிறேன்."

"ஒரு வழி இருக்கு."

"என்னது?"

"வளையத்தை எடுத்துடணும். அந்த இடத்துல அவங்களே வந்து உக்காரணும்."

குணாளன் தலை குனிந்து நின்றான்.

"அது வரைக்கும்?"

மெஹருன்னிசா வளையத்தை அவன் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"அது வரைக்கும் கிழிஞ்சே வரட்டும், அண்ணா."