விருந்தினர்களுக்கு மட்டும்

"டீச்சர், கட்டுமான மேலாண்மைக்கு எந்தக் காலேஜ்ல சேரட்டும்?" என்று முத்தரசி கேட்டாள்.

பாலிடெக்னிக்கில் அவளுக்கு சிவில் பாடம் எடுத்தவர் ஜெசிந்தா டீச்சர். அதற்கு முன்பு பல வருஷம் சைட் இன்ஜினியராக வெயிலில் நின்றவர். "டீச்சர் சொல்லுத காலேஜ்னா சேரு. இல்லேன்னா படிச்ச வரைக்கும் போதும்" என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். மறுநாள் சாயங்காலத்துக்குள் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

"மதுரையில ஒண்ணு இருக்கு. இங்க பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. ரெண்டுலயும் இடம் கிடைக்கும் டீச்சர்."

"காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வா. பக்கத்துல உள்ளதைப் பாத்துட்டு வருவோம்" என்றார் டீச்சர்.

கல்லூரியில் துறைத் தலைவரே வந்து வரவேற்றார். ஆய்வகத்தில் கண்ணாடி அலமாரி நிறைய மஞ்சள் ஹெல்மெட்டுகள் இருந்தன. ஒன்றில்கூட பாலிதீன் உறை பிரிக்கப்படவில்லை.

"ஒண்ணு எடுத்துப் பாக்கலாமா சார்?" என்றாள் முத்தரசி, மிக மெதுவாக.

"அதெல்லாம் டிஸ்ப்ளேக்கும்மா." அவர் சிரித்தார். "பொண்ணுங்க பயப்படவே வேண்டாம். இங்க படிச்சா வெயில்ல நிக்க வேண்டியதில்ல. ஏசி ரூம்ல உக்காந்தே மொத்த சைட்டையும் மேனேஜ் பண்ணலாம்."

முத்தரசிக்குச் சுருக்கென்றது.

"நீங்க என்ன பாடம் எடுக்கீங்க சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"தொழிலாளர் நலனும் பாதுகாப்பும். ரொம்ப முக்கியமான பேப்பர் மேடம்."

"நல்லது. பாத்ரூம் எங்க இருக்கு?"

அவர் வராந்தாவின் கோடியைக் காட்டினார். கிரானைட் சுவர், பளபளக்கும் கதவு. மேலே 'விருந்தினர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகை.

டீச்சர் அந்தக் கதவைத் தாண்டி, பின்வாசல் வழியாக வெளியே போனார். முத்தரசி பின்னால் ஓடினாள்.

அங்கே கல்லூரிக்குப் புதிய நூலகம் எழும்பிக்கொண்டிருந்தது. சித்தாள் பெண்கள் மணல் சுமந்துகொண்டிருந்தார்கள். சட்டியை இறக்கிவைத்த ஒரு பெண்ணிடம் டீச்சர் பேர் கேட்டார். பேச்சியம்மாள் என்றாள்.

"இங்க உங்களுக்கு பாத்ரூம் எங்க?"

"எங்களுக்கா?" பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். "அந்தா, உடைமரத்துப் பக்கம். பயலுவ கிரிக்கெட் விளையாடும்போது அதுவும் கிடையாது. அதான் வேலைக்கு வந்தா தண்ணியே குடிக்கதில்ல."

"என்கூட வாங்க."

"எனக்கு எதுக்கும்மா வம்பு? மேஸ்திரி திட்டுவாரு."

ஆனாலும் அவள் வந்தாள். அவள் நடந்த வேகத்திலேயே எவ்வளவு நேரம் அடக்கி வைத்திருக்கிறாள் என்பது முத்தரசிக்குத் தெரிந்தது.

விருந்தினர் பாத்ரூம் கதவை மறித்துக் காவலாளி நின்றார். "இவங்களை விடக்கூடாது மேடம். எனக்கு ஆர்டர்."

துறைத் தலைவர் வேகமாக வந்தார். "என்ன மேடம் இது? லேபருக்கு ஏற்பாடு பண்றது கான்ட்ராக்டர் வேலை. காலேஜுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

டீச்சர் பதில் சொல்வார் என்று முத்தரசி காத்திருந்தாள். டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பேச்சியம்மாள் சேலை நுனியைப் பிசைந்துகொண்டே திரும்பிப் போகப் பார்த்தாள்.

"அது யாரோட கட்டடம் சார்?"

கேட்டது முத்தரசிதான்.

"எங்க கட்டடம்தான்."

"கட்டடம் உங்களுது. கட்டுறவங்க மட்டும் கான்ட்ராக்டரோட ஆளா? இந்தப் பாடத்தைத்தான் கிளாஸ்ல எடுக்கீங்களா?"

"ஏய், மரியாதையா பேசு. நீயெல்லாம் இங்க படிச்சு..."

அவர் முடிப்பதற்குள் அவள் காவலாளியின் கைக்கு அடியில் குனிந்து கதவைத் தள்ளினாள். திறந்த கதவை முதுகால் அணைத்து நின்றுகொண்டாள்.

"போங்கக்கா."

பேச்சியம்மாள் செருப்பை வாசலிலேயே கழற்றினாள்.

"செருப்போட போங்கக்கா!"

"சிமெண்ட்டு ஒட்டியிருக்கும்மா. தரை அழுக்காயிரும்."

முத்தரசிக்குக் கண்ணில் நீர் வந்தது. அது அழுகை இல்லை, ஆத்திரம். கையைத் துடைத்தபடி இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். கடைசிப் பெண் வெளியே வரும்வரை அவள் நகரவில்லை. துறைத் தலைவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா பேச்சி! யாரைக் கேட்டு உள்ள போன?" என்று வெளியே மேஸ்திரி கத்தினார்.

வராந்தாவைக் கடக்கும்போது முத்தரசி திரும்பிப் பார்த்தாள். காவலாளி அந்தக் கதவுக்குப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் வரும்வரை அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"மதுரைக்கே போறேன் டீச்சர். இவருகிட்ட எல்லாம் மனுஷன் படிப்பானா?"

"சரி."

"என்ன சரி? நீங்க செஞ்சதும் சரியில்ல. அந்த அக்கா பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க. நாம கூட்டிட்டுப் போயி நிறுத்திட்டு, இப்ப பஸ் ஏறிப் போயிருவோம். மேஸ்திரிகிட்ட திட்டு வாங்குறது அவங்க. நாளைக்கும் அவங்க அங்கதான நிக்கணும்?"

"ஆமா."

"கதவைப் பூட்டிட்டாங்க, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்போ நாளைக்கு அவங்களுக்காக யாரு டீச்சர் கேப்பா?"

ஜெசிந்தா டீச்சர் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி சொன்னார்.

"அங்க படிக்கிற பிள்ளை யாராவது கேக்கணும்ட்டி."