ஆய்வுக்கு முன்

அன்று அலுவலகக் கூட்ட அறையில் இருந்தவர்கள் நால்வர். வட்டாரத் தொழிற்புத்தாக்க ஆய்வு நிதியை வழங்கும் பொறுப்பிலிருந்த அலுவலர் தணிகாசலம். அந்நிதியைக் கேட்டு மனுச் செய்திருந்த சேகோ எனும் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் கோகிலவாணி, மாரப்பன், சந்திரகாசன். இவர்களோடு, சன்னலுக்கு வெளியே ஓடிய ஓடையின் நாற்றமும் அழையாமல் வந்து உட்கார்ந்திருந்தது.

மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுத்த பின் மிஞ்சும் நீர் ஒரு பகல் நின்றால் புளிக்கும். மறுநாளும் நின்றால் ஊரே மூக்கைப் பொத்தும். அதை அடக்க வழி கண்ட ஒருவருக்கு, அவ்வழியைப் பெரிதாக்கிச் செய்ய நிதி உண்டு என்பது அறிவிப்பு. அதிலிருந்த கடுமையான விதி ஒன்றே: ‘ஆய்வுக்கு முன் பணியைத் தொடங்கியவர்க்கு நிதி இல்லை.’

கோகிலவாணி அந்நீரைப் பானைகளில் ஊற்றி, ஒன்றில் சாணம், ஒன்றில் குளத்துச் சேறு, ஒன்றில் பிழிந்த கிழங்கின் பழஞ்சக்கை எனக் கலந்து, ஒவ்வொன்றையும் தாமே குனிந்து முகர்ந்து பார்த்தவர். பானை பானையாகக் குமட்டியது. கடைசியில் ஒரு கலவையில் நாற்றம் அடங்கிற்று. அதன் பிறகே ஆலையின் பின்புறம் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். அதிலிருந்து வடிந்த நீரில் மீன்கள் திரிந்தன. ஆனால், அறுவடைக் காலத்து நீர் முழுவதையும் ஒரு தொட்டி தாங்காது. ஓடையில் ஒரு சொட்டும் விடுவதில்லை என்று கீழூர் மக்களுக்கு அவர் வாக்களித்திருந்தார். நிதி வந்தால் இரண்டாம் தொட்டி. வராவிட்டால் ஆலைக்குப் பூட்டு.

மாரப்பன் அந்தத் தொட்டியை வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, அளவு பிசகாமல் தம் ஆலையிலும் ஒன்று கட்டினார். அதுவும் நன்றாகவே வேலை செய்தது. பிறகுதான் விதியைப் படித்தார். உடனே தொட்டியை மண்ணிட்டு மூடி, மேலே வாழைக்கன்று நட்டு, நீரைப் பழையபடி ஓடைக்கே திருப்பிவிட்டார். சந்திரகாசன் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. அவருடைய நீர் என்றுமே ஓடையில்தான். மனு எழுதித் தரும் ஒருவரைப் பிடித்து, வழவழப்பான தாளில் வண்ணப்படங்களோடு ஒரு மனுவை வாங்கிக்கொண்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கே தெரியாது.

தணிகாசலம் மூன்று ஆலைகளுக்கும் போய் வந்திருந்தார். இளநீர், பொன்னாடை, புகைப்படம். அந்த வருகைக்கு அலுவலகத்தில் ‘ஆய்வு’ என்று பெயர்.

“நான் ஆய்வுக்கு வந்தப்பவே உங்க தொட்டி ஓடிக்கிட்டிருந்துச்சுங்களே அம்மா. முன்னாடியே தொடங்கிட்டீங்க. விதி எடங்குடுக்காதுங்க” என்றார் அவர்.

“ஆய்வு செஞ்சுட்டுத்தானுங்க தொட்டியவே கட்டினேன். எத்தன பானை வெச்சுப் பாத்தேன்!” என்றார் கோகிலவாணி.

“அது சோதனைங்கம்மா. ஆய்வுன்னா நாங்க வந்து பாக்குறது.”

மாரப்பன் சிரித்தார். “விடுங்கக்கா. மீன் கெடக்குதில்ல, நிதி வரலேன்னா கொழம்பாச்சும் ஆகும்.”

“உன் வாழை மட்டும் என்ன இந்தப் போக்குப் போகுது மாரப்பா? அடியில எதப் பொதச்சே?” என்றார் கோகிலவாணி.

மாரப்பனுக்கு மின்விசிறியின் மேல் திடீரென்று அக்கறை பிறந்தது. சந்திரகாசன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, “சார், அந்த சன்னல மூடச் சொல்லுங்களேன். மனுசன் உக்கார முடியல” என்றார். கோகிலவாணி அவரை ஏறிட்டுப் பார்த்தார். எத்தனையோ பானைகளில் முகம் கொடுத்தவருக்கு, அன்றுதான் உண்மையாகவே குமட்டியது.

தொட்டியைக் காட்டியவர் ஒருவர், புதைத்தவர் ஒருவர், கட்டாதவர் ஒருவர். விதியில் ஓரெழுத்தையும் மாற்றாமல் சொல்லுங்கள்: இம்மூவரில் அந்த நிதிக்கு உரியவர் யார்?

விடை: கோகிலவாணி. நிதியின் பெயரிலேயே ‘ஆய்வு’ இருக்கிறது. ஓர் அறிவிப்பில் ஒரே சொல் பெயரில் ஒன்றையும் விதியில் மற்றொன்றையும் குறிக்க முடியாது. அலுவலர் வந்து பார்ப்பதே ஆய்வு என்றால், அரசு இளநீர் குடிக்க நிதி ஒதுக்கியது என்றாகும். அறியாததைத் தேடிக் கண்டறிவதே ஆய்வு என்றால், முதலில் தேடிப் பின்னர் கட்டியவர் கோகிலவாணி ஒருவரே. தேடாமலே கட்டிய மாரப்பனை விதி விலக்குகிறது, வாழை குலை தள்ளினாலும். சந்திரகாசனை விதி தடுக்கவில்லை. ஆனால் நிதி, வழி கண்டவருக்கே. அவரோ எதையும் கண்டவரல்லர்.

தணிகாசலம் அந்த வழவழப்பான மனுவைப் புரட்டி, நிதியைச் சந்திரகாசனுக்கு எழுதினார். பிறகு கோகிலவாணியின் பக்கம் சாய்ந்து, மெய்யான கனிவோடு குரலைத் தாழ்த்தினார்: “மனசு விட்றாதீங்கம்மா. தொட்டிய இடிச்சுப்போட்டு அடுத்த வருசம் மனுப் போடுங்க. மொத ஆளா உங்களச் சேத்துக்கறேன்.”

கோகிலவாணி எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு, அதில் ஆலைச் சாவியைத் தேடியபடி வெளியே நடந்தார்.