சாம்பல் அளந்த மூன்று நாடுகள்

ஒரு குளத்தைச் சுற்றி மூன்று நாடுகள் இருந்தன. வடக்கே யானைகள் கரும்பு போட்டன. கிழக்கே காட்டுப்பன்றிகள் நெல் போட்டன. தெற்கே முயல்கள் சோளம் போட்டன. அறுப்பு முடிந்ததும் மூன்று நாட்டாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கரும்புச் சோகை, வைக்கோல், சோளத்தட்டை என்று மிச்சம் கிடப்பதையெல்லாம் வயலிலேயே கொளுத்திவிடுவார்கள். மூன்று நாட்டுக் கரிப்புகையும் குளத்துக்கு மேலே வந்து கூடாரம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் குளத்தின் மேல் சாய்ந்த ஈச்சமரத்தில்தான் மஞ்சரி என்னும் தூக்கணாங்குருவியின் கூடு தொங்கியது. உள்ளே மூன்று குஞ்சுகள். அவை பறக்க இன்னும் பத்து நாள் ஆகும். கடைக்குட்டிக்கு மட்டும் மூச்சு விடும்போதெல்லாம் விசில் அடித்தது. மஞ்சரி ஒரு புழு ஊட்டுவாள், உடனே அதன் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பாள்.

"ஏங்க, நேத்தைவிட இன்னைக்கு அதிகமா இருக்கு!"

"நீ நிமிஷத்துக்கு ஒரு தடவை காதை வெச்சா, புள்ளை எப்படி மூச்சு விடும்?" என்றான் அவள் கணவன் அலகப்பன். அவள் திரும்பியதும் அவனும் திருட்டுத்தனமாகக் காதை வைத்துப் பார்த்தான்.

இதுவரை பாதிதான் எரிந்திருந்தது. மீதியை மறுநாள் காலையில் கொளுத்துவதாக இருந்தார்கள். அதற்கு முன்னால் சாம்பல் அளக்கும் கூட்டம் ஒன்று நடந்தது. யாரிடம் சாம்பல் அதிகமோ அவர்கள் முதலில் தீயை நிறுத்த வேண்டும், மற்றவர்கள் பின்னாலேயே நிறுத்துவார்கள் என்று பேச்சு. மஞ்சரி ஆசையோடு போய் ஒரு கிளையில் உட்கார்ந்தாள்.

"எங்களிடம் மூன்றே கூடை!" என்றார் யானைத் தலைவர் பெரும்பாதர்.

"உங்க கூடைக்குள்ளே எங்க ஊரே குடியிருக்கலாமே ஐயா!" என்றான் பன்றித் தலைவன் கூர்மூக்கன்.

"தலைக்கு எவ்வளவுன்னு பாருங்க!" என்று குதித்தாள் முயல்களின் தலைவி துள்ளாயி. "எங்களுக்குத் தலைக்கு அரைச் சிரட்டைகூடத் தேறாது!"

"தலைகளையும் எண்ணு அம்மா! நீ எண்ணி முடிப்பதற்குள் இன்னும் நாற்பது பிறந்துவிடும்!" என்றார் பெரும்பாதர்.

"நாங்க தீ வைக்க ஆரம்பிச்சே நாலு வருஷம்தான்" என்றான் கூர்மூக்கன். "யானையார் நாற்பது வருஷமா எரிக்கிறார். பழைய சாம்பலையும் சேர்த்து அளங்க!"

"நாங்கள் வருஷா வருஷம் குறைத்துக்கொண்டு வருகிறோம். நீதானப்பா ஏறிக்கொண்டே போகிறாய்!"

கூடையால் அளந்தார்கள். சிரட்டையால் அளந்தார்கள். தலையால், வருஷத்தால் அளந்தார்கள். அளக்கிறவர் யாரோ அவர் மட்டும் யோக்கியராக இருந்தார். கடைசியில், "அடுத்த வருஷம் நல்ல கூடையாகப் பார்த்து அளப்போம். நாளைக்கு வழக்கம்போல் தீ!" என்று எழுந்தார்கள். அன்று மூவரும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

"என் புள்ளை நெஞ்சுக்குள்ளே இருக்கறது எந்த நாட்டுப் புகைன்னு யாராவது அளந்து சொல்லுங்களேன்!" என்று மஞ்சரி கத்தினாள். அவள் குரல் யார் காதிலும் ஏறவில்லை.

அவள் அந்தக் கிளையிலேயே உட்கார்ந்து யோசித்தாள். 'இவங்களாலே ஒப்பிடாம இருக்க முடியாது. சரி, ஒப்பிடட்டும். வேற ஒண்ணை ஒப்பிடட்டும்!'

மலைக்கு அந்தப்பக்கம் மழை பொய்த்து, எருமைகள் பட்டினி கிடந்தன. மஞ்சரி ஒரே மூச்சில் அங்கே பறந்தாள்.

"கொம்பாயி அக்கா, தீனி வேணுமா?"

"தீனியா? அது என்ன நிறம்னே எங்களுக்கு மறந்துபோச்சேடி!" என்றது மூத்த எருமை கொம்பாயி.

"நாற்பது பேரும் வாங்க. சோகை, வைக்கோல், தட்டை எல்லாம் கிடக்கு. பதிலுக்கு வயலுக்கு எரு போட்டாப் போதும்."

"அது நாங்க வேண்டாம்னாலும் தானா விழுமேடி! எங்கே முதல்லே வரணும்?"

"குவிச்சு வெச்ச போர் எங்கே உயரமா தெரியுதோ, அங்கே!"

திரும்பி வந்து மூன்று நாட்டின் மேலும் வட்டமடித்துக் கூவினாள். "நாளைக்கு எருமைங்க வருது! யார் நாட்டுப் போர் உயரமோ, அங்கேதான் முதல் விருந்து! முதல் எரு!"

'முதல்' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், மூன்று நாடும் எழுந்து நின்றது.

"ஒரு துரும்பை எவனாவது கொளுத்தினீங்க, தோலை உரிச்சிடுவேன்!" என்று உறுமினான் கூர்மூக்கன். யானைகள் சோகையைத் தும்பிக்கையால் வாரி வாரி அடுக்கின. அறுநூறு முயல்கள் ஆளுக்கொரு தட்டையை இழுத்துக்கொண்டு ஓடின. போர் போதவில்லை என்று துள்ளாயி அதன் உச்சியில் ஏறி நின்று, "என் காதையும் சேர்த்து அளங்க!" என்றாள்.

காலையில் எருமைகள் வந்தன.

"எங்களுடையதுதான் உயரம்!" என்று மூவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"உயரம் பார்க்கற பசியிலா வந்திருக்கோம்? தள்ளுங்கய்யா!" என்றது கொம்பாயி. நாற்பதும் மூன்று பக்கமும் பிரிந்து போய் வாயை வைத்தன. வயலெல்லாம் சாணி விழுந்தது. அந்தக் காலை மூன்று நாட்டில் எங்குமே தீ எரியவில்லை. இரண்டு நாளில் குளத்து நீருக்கு மறுபடியும் வானத்தின் நிறம் வந்தது. கடைக்குட்டியின் விசில் நாளுக்கு நாள் குறைந்து, ஒருநாள் நின்றேபோனது.

பத்தாம் நாள் அது கூட்டிலிருந்து குதித்தது. இரண்டு குட்டிக்கரணம் அடித்து, குளத்தில் படுத்திருந்த கொம்பாயியின் முதுகில் பொத்தென்று விழுந்தது.

"பறந்துட்டேன்!"

"அது பறந்ததில்லே, விழுந்தது!" என்றன மேலே இருந்த இரண்டும்.

"நீங்க விழறதைவிட நான் தூரமா விழுந்தேன்!"

மஞ்சரி வயிறு குலுங்கச் சிரித்தாள். "போதும்டா! அளந்தது போதும், மறுபடி பற!"

யார் அதிகம் கெடுத்தார் என்று அளந்துகொண்டே இருந்தால் கேடுதான் வளரும். யார் முதலில் நல்லது செய்வது என்று போட்டி போட்டால் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் பிழைக்கும்.