தூக்குப்போசியில் பஞ்சாமிர்தம்

மலைக்கோயிலில் கும்பிட்டுவிட்டு இறங்கும் வழியில் குருவும் சீடரும் காட்டில் தங்க நேர்ந்தது. சீடர் ராக்கியப்பன் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், குருவைவிட மூத்தவர். குரு அவரை அண்ணா என்பார். அவர் குருவைச் சாமி என்பார்.

கரடி நடமாடும் காடு அது. ஓடையோரம் சமைத்துச் சாப்பிட்டார்கள். படுப்பதற்கு மட்டும் குரு வெகுதூரம் தள்ளி ஒரு பாறையைக் காட்டினார். அரிசி, பருப்பு, வெங்காயம், பல்பொடி என்று வாசனை உள்ளதெல்லாம் ஒரே மூட்டையானது. ஓடைப்பக்கம் இரண்டு மரங்களுக்கு நடுவே உயரத்தில் கயிறு இழுத்து, எந்த மரத்தில் ஏறினாலும் எட்டாதபடி குரு அதை அந்தரத்தில் தொங்கவிட்டார்.

"எல்லாம் வந்துருச்சுங்களாண்ணா?"

"வந்துருச்சுங்க சாமி."

பாறைக்குத் திரும்பியதும் குரு நின்றார். ராக்கியப்பன் தலைக்கு வைத்திருந்த பையை நோக்கி எறும்புகள் போய்க்கொண்டிருந்தன.

"அதுல என்னங்க?"

"தூக்குப்போசிங்க. பஞ்சாமிர்தம்."

சாப்பாடெல்லாம் கட்டியாயிற்று என்றீர்களே என்று குரு கேட்டார். பிரசாதம் எப்படிச் சாப்பாடாகும் என்று ராக்கியப்பன் திருப்பிக் கேட்டார். வெங்காயத்தோடு சேர்த்துக் கட்ட அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் மனைவி பொன்னாத்தா ஐப்பசியிலிருந்து படுத்த படுக்கை. இந்தப் பிரசாதம் நாக்கில் பட்டால் எழுந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வழியெல்லாம் அந்தத் தூக்குப் பாத்திரத்தை அவர் தரையில் வைக்கவே இல்லை.

"முருகன் குடுத்ததுங்க. அதைக் கரடி தொடுமுங்களா?"

"யாரு குடுத்ததுன்னு கரடிக்குத் தெரியாதுங்களே."

நெய் கசிந்த பையையும் சேர்த்துக் கட்டச் சொன்னார் குரு. ராக்கியப்பன் அரைமனதாக எடுத்துப்போனார். அப்போதும் வெங்காய மூட்டையோடு சேர்க்கவில்லை. மிச்சமிருந்த துண்டுக் கயிற்றால், பக்கத்து மரத்தின் கிளையில், அடிமரத்தை ஒட்டிக் கட்டினார். பின்னாலேயே வந்த குரு சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது.

"தலைமாட்டுல இல்லையில்லீங்க. அது போதும். வந்து படுங்க."

விடிந்ததும் ராக்கியப்பன் முதல் வேலையாக அங்கே போனார். மூட்டை வைத்தது வைத்தபடி தொங்கியது. தூக்குப்போசி கீழே நசுங்கிக் கிடந்தது; உள்ளே ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கரடி நக்கியிருந்தது. பை நார்நாராகக் கிழிந்திருந்தது. அடிமரத்தில் நகம் பதிந்த கீறல்கள். ஒன்றில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் குரு வந்தார்.

"பொன்னாத்தா வழி பாத்துட்டிருப்பாளுங்க. வெறுங்கையோட போயி அவளுக்கு நான் என்னத்தைக் குடுக்கறதுங்க சாமி?"

முந்தின நாள் தலைக்கு வைத்திருந்த அந்தக் கிழிந்த பையைக் குரு எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"நீங்க முழுசாப் போறீங்களேண்ணா. அதைக் குடுங்க."