சூப்பர்வைசர் எழுதிய 'ஹார்ட்லி'

கொடைக்கானலில் ஒரு பெரிய ஓட்டலில் பதினோரு வருஷமாகப் பாத்திரம் கழுவி வந்தாள் மாரக்காள். ஓட்டலைப் புதிதாக வாங்கிய முதலாளி, யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்று சூப்பர்வைசர் ஜெயசீலனை எழுதித் தரச் சொன்னார். தன் இங்கிலீஷுக்கு அந்த மலையில் ஈடில்லை என்பது ஜெயசீலனின் நினைப்பு.

மறுநாள் முதலாளி மாரக்காளைக் கூப்பிட்டார். "நீ 'ஹார்ட்லி' வேலை செய்யறேன்னு சூப்பர்வைசரே எழுதியிருக்காரு. நாளையிலேருந்து வராதே."

பாராட்டித்தானே எழுதினோம் என்று பக்கத்தில் நின்ற ஜெயசீலன் விழித்தார்.

மாரக்காளுக்கு அந்த வார்த்தை பழக்கம். உருளைக்கிழங்கு 'ஹார்ட்லி' வெந்திருக்கிறது என்று சாப்பிடுகிறவர்கள் சொல்லியனுப்பினால், வேகவே இல்லையாம் என்று சமையல்காரர் முணுமுணுத்தபடி மறுபடி அடுப்பில் ஏற்றுவார். சூப்பர்வைசர் எங்கே சறுக்கினார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"முதலாளி, சூப்பர்வைசர் ஐயா எப்படி வேலை செய்யறாருன்னு அவரையும் இங்கிலீஷ்லயே கேளுங்க," என்றாள்.

கேட்டார். ஜெயசீலன் நிமிர்ந்து நின்று, "ஐ வொர்க் வெரி ஹார்ட்லி, சார்," என்றார்.

முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதுக்கு வேலையே செய்யறதில்லைன்னு அர்த்தம்யா. கடுமையா உழைக்கிறான்னா வெறும் 'ஹார்ட்' போதும்," என்று சொல்லி, மாரக்காளைப் பற்றிய காகிதத்தில் 'லி'யை அடித்தார். "நீ போய் வேலையைப் பாரும்மா."

சாயங்காலம் ஜெயசீலன் தொட்டியருகே வந்து தயங்கி நின்றார். "என்னால உன் பிழைப்பே போயிருக்கும். மன்னிச்சிரும்மா."

மாரக்காள் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். "இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதணும்னு நினைச்சது நீங்க ஒருத்தர்தான் ஐயா."