செயலாளரின் அபாயப் பலகைகள்

ராஜாக்கள் போய்விட்டார்கள், அடுக்குமாடிகளுக்குச் செயலாளர்கள் வந்துவிட்டார்கள். அப்படியொருவர் வைத்தியலிங்கம். கொய்யா மரம், புல்தரை, ஊஞ்சல், எதைக் கண்டாலும் 'அபாயம்' என்று பலகை மாட்டிவிடுவார்.

ஒருநாள் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் நிஜமாகவே விரிசல் விட்டது. அங்கேயும் பலகை ஏறியது. பிள்ளைகள் அந்தச் சுவரிலேயே சாய்ந்துகொண்டு பட்டம் விட்டார்கள்.

செயலாளர், கூட்டிப் பெருக்கும் செங்கமலத்தைக் கூப்பிட்டார். "கொத்தனார் வர்ற வரைக்கும் ஒருத்தரும் மேலே போகக் கூடாது. போனா உனக்கு வேலை இல்லை!"

செங்கமலத்துக்குப் பிள்ளைகளையும் தெரியும், செயலாளரையும் தெரியும். பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினாள்: 'இங்கே அபாயம் எதுவும் இல்லை. தாராளமாக வரலாம். செயலாளர்.'

கொத்தனார் வந்து பூசி முடிக்கும்வரை ஈ காக்கா கூட மாடிப்படி ஏறவில்லை.

"எப்படிம்மா?" என்றார் வைத்தியலிங்கம் அசந்துபோய்.

"கொய்யா மரத்துல அபாயம்னு போட்டீங்க, பழம் இருந்துச்சு. ஊஞ்சல்ல போட்டீங்க, ஜோரா ஆடுச்சு. இப்ப நீங்களே வாங்கன்னு கூப்பிட்டா, யாருக்கு சார் தைரியம் வரும்?"

வைத்தியலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. மற்ற பலகைகளைத் தன் கையாலேயே கழற்றினார். ஒரு கொய்யாவைப் பறித்து அவளிடம் நீட்டினார்.

"நல்ல பழம்மா. பயப்படாம சாப்பிடு."

செங்கமலம் அதை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவரிடமே நீட்டினாள்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க, சார்."