நீலச் சட்டை

வியாசர்பாடியில் இரண்டு கால்பந்து அணிகளின் சட்டைகளுக்கும் இஸ்திரி போடுபவன் டில்லி. ஏழு வருடங்களுக்கு முன், நீல அணிக்கு எதிராக அவன் அடித்த ஒரே கோலை நடுவர் ஆஃப்சைடு என்று தள்ளிவிட்டார். நீல அணி இன்றுவரை தோற்றதில்லை.

டீக்கடையில் அந்த அணியின் தலைவர் மாசிலாமணி சீண்டினார். "நடுவர் எங்க ஆளுன்னு நிரூபிடா. உன் கோலை ஒத்துக்கறேன்."

"அடுத்த மேட்சுக்கும் அவரே விசில் ஊதட்டும்ணே. ரெண்டு டீமும் சட்டைய மட்டும் மாத்திக்கலாம்."

"அதெப்படிடா? நாங்க தோத்துடுவோமே!"

கடையே சிரித்தது. மாசிலாமணி டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தார்.

டில்லி சிரிக்கவில்லை. அவர் பின்னாலேயே தெருமுனைவரை போனான்.

"அண்ணே, அப்ப என் கோலு?"